சொல் வளர்க்கும் விகுதிகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாட்டும் நடனமும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் இலக்கணத்தைப் பற்றிப் பேச நாம் துணிந்துவிட்டோம். இலக்கணம் என்ற சொல் காதில் விழுந்ததுமே பின்வரிசையில் இருப்போர் காப்பி அருந்தப் புறப்படுவது உலக வழக்கம். சற்றே பொறுத்திருந்தால் இவ்வுரையிலும் காப்பி வரும். பின்னர்ச் சர்க்கரையும் வரும். அதுவரை அன்பர்கள் அமர்ந்திருக்க வேண்டுகிறோம்.

நாம் எடுத்துக்கொண்ட பொருள், ஹங்கேரிய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் விகுதிகள் பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையும் ஆக்கும் முறை. ஐரோப்பாவின் நடுவில் ஏறத்தாழ ஒரு கோடியே முப்பது இலட்சம் மக்கள் பேசும் மொழி ஒன்று. இருபது நாடுகளில் நாற்பத்தைந்து கோடிக்கு மேற்பட்ட மக்கள் தாய்மொழியாகப் பேசும் மொழி மற்றொன்று. இவ்விரண்டையும் நாம் ஏன் அறிய வேண்டும் என்று கேட்கலாம். அதற்கு விடையாக முதலில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறோம்.

கெரெஷி சோம ஷாந்தோர் என்பார் ஹங்கேரிய அறிஞர். தமிழர் தந்தை பெயரை முன்னே வைப்பது போல, ஹங்கேரியர் குடும்பப் பெயரை முன்னே வைப்பர். 1784ஆம் ஆண்டில் பிறந்த இவர், தம் இனத்தாரின் பூர்வீகம் ஆசியாவில் எங்கோ உள்ளது என்று நம்பி, 1819ஆம் ஆண்டில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். 1822இல் லடாக்கை அடைந்தார். தேடி வந்த வேர் கிடைக்கவில்லை. ஆனால் திபெத்திய மொழி கிடைத்தது. கடுங்குளிரில் மடங்களில் தங்கி அம்மொழியைக் கற்று, 1834இல் கல்கத்தாவில் திபெத்திய–ஆங்கில அகராதியும் இலக்கணமும் வெளியிட்டார். 1842இல் டார்ஜிலிங்கில் காய்ச்சல் கண்டு மறைந்தார். அவர் கல்லறை இன்றும் அங்கே உள்ளது. மொழியின் வேரைத் தேடி நம் நாட்டுக்கு வந்து, நம் நாட்டு மண்ணிலேயே உறங்குபவர் அவர். அவருடைய மொழி எவ்வாறு இயங்குகிறது என்று அறிந்துகொள்வது நாம் அவருக்குச் செய்யும் சிறு மரியாதை.

முதலில் விகுதி என்பது யாது? நன்னூல் பகுபதத்திற்கு ஆறு உறுப்புகள் கூறும். அவற்றுள் தலையாயவை இரண்டு: பகுதி, விகுதி. ‘கல்’ என்பது பகுதி. ‘கல்வி’ என்னும்போது ‘வி’ விகுதி. ‘கேள்’ என்பது ‘கேள்வி’ ஆகிறது. ‘அறி’ என்பது ‘அறிவு’ ஆகிறது. ‘செய்’ என்பது ‘செய்கை’ ஆகிறது. விகுதி தனியே நின்றால் பொருள் தராது. பகுதியோடு சேர்ந்தாலோ ஒரு சொல்லைப் பல சொல்லாக்கிவிடும். வேர் ஒன்றாக இருக்க, கிளைகள் பலவாகின்றன.

இனி ஹங்கேரிய மொழிக்குச் செல்வோம். அயல் ஒலிகளைத் தமிழெழுத்தில் இயன்ற அளவே எழுதுகிறோம். சிறு வேறுபாடுகளைப் பொறுத்தருள்க.

‘யோ’ என்றால் நல்ல. ‘யோஷாக்’ என்றால் நன்மை. ‘பராத்’ என்றால் நண்பன். ‘பராத்ஷாக்’ என்றால் நட்பு. தமிழில் ‘மை’ விகுதி செய்யும் வேலையை அங்கே ‘ஷாக்’ செய்கிறது. ‘எம்பெர்’ என்றால் மனிதன். மனிதத் தன்மைக்கு ‘எம்பெர்ஷேக்’ என்று பெயர். ‘எகேஸ்’ என்றால் முழுமையான. ‘எகேஸ்ஷேக்’ என்றால் உடல்நலம். குறைவின்றி முழுமையாக இருப்பதே நலம் என்று அச்சொல்லே நமக்குக் கற்பிக்கிறது. ‘ஊய்’ என்றால் புதிய. ‘ஊய்ஷாக்’ என்றால் புதுமை என்று நாம் எண்ணுவோம். ஆனால் அது செய்தித்தாளுக்குப் பெயராகிவிட்டது! காலையில் வாயிற்படியில் வந்து விழும் புதுமை அது.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஓரிடத்தில் ‘ஷாக்’ என்றோம்; மற்றோரிடத்தில் ‘ஷேக்’ என்றோம். இது நம் பிழையன்று; அம்மொழியின் அழகு. ஹங்கேரிய உயிரெழுத்துகள் இரு கூட்டமாகப் பிரியும். அ, ஆ, ஒ, ஓ, உ, ஊ போன்றவை நாவின் பின்புறத்தில் பிறப்பவை. எ, ஏ போன்றவை முன்புறத்தில் பிறப்பவை. சொல்லில் எந்தக் கூட்டத்து ஒலி உள்ளதோ அந்தக் கூட்டத்து விகுதியே வந்து சேரும். இதனை உயிரொலி இசைவு என்று சொல்லலாம். ஆகையால் பெரும்பாலான விகுதிகளுக்கு இரு வடிவங்கள் உண்டு. ‘ஹல்’ என்றால் மீன், மீனவர் ‘ஹலாஸ்’. ‘கெர்த்’ என்றால் தோட்டம், தோட்டக்காரர் ‘கெர்தேஸ்’. விகுதி தன் குரலைப் பகுதியின் குரலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறது. புகுந்த வீட்டின் வழக்கம் அறிந்து நடக்கும் மருமகளைப் போன்றது அது.

வினையிலிருந்து பெயர் வருவதையும் காண்போம். ‘ஒல்வஷ்’ என்றால் படி. ‘ஒல்வஷாஷ்’ என்றால் படித்தல். ‘கேர்’ என்றால் வேண்டிக் கேள். ‘கேரேஷ்’ என்றால் வேண்டுகோள். ‘ஈர்’ என்றால் எழுது. ‘ஈராஷ்’ என்றால் எழுத்து. ‘ஈரோ’ என்றால் எழுத்தாளர். ஆஷ், ஏஷ் என்னும் இவ்விகுதி ஏறக்குறைய எல்லா வினைகளோடும் சேரும். தமிழில் ‘தல்’, ‘அல்’ ஆகியவற்றைப் போன்றது என்று கொள்ளலாம்.

வினைச்சொல்லைப் பெருக்கும் விகுதிகளோ இன்னும் வியப்புக்குரியவை. ‘தனுல்’ என்றால் கற்கிறான். ‘தனீத்’ என்றால் கற்பிக்கிறான். ‘தனுலோ’ மாணவன், ‘தனீதோ’ ஆசிரியர். ‘தன்’ என்னும் ஒரே வேரிலிருந்து ஒரு பள்ளிக்கூடமே எழுந்துவிட்டது. ‘ஏபீத்’ என்றால் கட்டுகிறான். ‘ஏபீத்தெத்’ என்றால் பிறரைக் கொண்டு கட்டுவிக்கிறான். நம் கல்வெட்டுகளில் மன்னன் கோயில் கட்டுவித்தான் என்று படிக்கிறோம் அல்லவா? நாம் ‘வி’ என்று சொல்லும் பிறவினையை அவர்கள் ‘தெத்’ என்கிறார்கள். மேலும், ‘பெஸேல்’ என்றால் பேசுகிறான். அடுத்தடுத்து நிகழ்வதைக் காட்டும் ‘கெத்’ என்னும் விகுதி சேர்ந்தால் ‘பெஸேல்கெத்’: உரையாடுகிறான். ஒருவர் சொல்வது பேச்சு. அது திரும்பத் திரும்ப நிகழ்ந்தால் உரையாடல்!

இப்பொழுது காப்பிக்கு வருவோம். ஹங்கேரியர் காப்பியைக் ‘காவே’ என்பர். அதனோடு ஒரு வினை விகுதியைச் சேர்த்துக் ‘காவேஸிக்’ என்றால் காப்பி அருந்துகிறான் என்று பொருள். காப்பி அருந்தும் கடை ‘காவேஸோ’. ‘ரெக்கெல்’ என்றால் காலை. ‘ரெக்கெலி’ காலை உணவு. ‘ரெக்கெலிஸிக்’ காலை உணவு உண்கிறான். பெயர் வினையாகிறது, வினை மீண்டும் பெயராகிறது. எங்கிருந்து வந்த சொல்லானாலும் விகுதி ஒன்று போதும், அது ஹங்கேரியச் சொல்லாகிவிடும். தொலைபேசி வந்தது, ‘தெலெஃபோனால்’ என்ற வினையும் உடன் வந்தது. இணையம் வந்தது, ‘இன்டெர்னெதெஸிக்’ என்ற வினை பிறந்தது.

இவ்வளவு ஒற்றுமையைக் கண்டதும் ஹங்கேரியரும் தமிழரும் ஒரு குலத்தவரோ என்ற எண்ணம் எழலாம். கால்டுவெல் பெருமகனார் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளை ஹங்கேரியமும் பின்னிஷும் அடங்கிய பெருங்கூட்டத்தோடு உறவுபடுத்தவே முயன்றார். பிற்கால ஆராய்ச்சி அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. ஹங்கேரியம் யூரலிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. மேற்குச் சைபீரியாவில் பேசப்படும் கான்டி, மான்சி என்னும் சிறு மொழிகளே அதற்கு நெருங்கிய உறவு. விகுதிமேல் விகுதி ஒட்டும் பழக்கம் வெவ்வேறு குடும்பங்களிலும் காணப்படுவது. நடை ஒத்திருப்பதால் மட்டும் இருவர் உடன்பிறந்தார் ஆகிவிடார். வியப்பு வேறு, உறவு வேறு என்று அறிவதே ஆராய்ச்சிக்கு அழகு.

அடுத்து ஸ்பானிய மொழி. இது இலத்தீனின் மகள். ஹங்கேரியத்தைப் போல விகுதிகளை நீண்ட தொடராக அடுக்குவதில்லை. ஆயினும் சொல்லாக்கத்தில் சளைத்ததன்று.

‘பான்’ என்றால் ரொட்டி. ரொட்டி சுடுபவர் ‘பனதேரோ’, பெண்ணானால் ‘பனதேரா’. ரொட்டிக் கடை ‘பனதெரீயா’. ‘லீப்ரோ’ என்றால் நூல், நூல் விற்பவர் ‘லிப்ரேரோ’, நூற்கடை ‘லிப்ரெரீயா’. ‘ஸபாத்தோ’ என்றால் செருப்பு, அது தைப்பவர் ‘ஸபதேரோ’, அக்கடை ‘ஸபதெரீயா’. ஒரு கடைத்தெருவில் நடந்து சென்று பெயர்ப்பலகைகளைப் படித்தாலே பாதி இலக்கணம் விளங்கிவிடும். ஆண்பால் பெண்பால் வேறுபாட்டையும் அங்கே விகுதியே காட்டுகிறது. ஹங்கேரியத்திலோ அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

வினையிலிருந்து பெயராக்கும்போது ஸ்பானியம் பல விகுதிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். ‘பென்ஸார்’ என்றால் எண்ணுதல். ‘பென்ஸமியெந்தோ’ என்றால் எண்ணம். ‘நஸேர்’ என்றால் பிறத்தல். ‘நஸிமியெந்தோ’ என்றால் பிறப்பு. ஆனால் ‘க்ரெயார்’, அதாவது படைத்தல், ‘க்ரெயஸியோன்’ ஆகும். ‘பெஸ்கார்’ என்றால் மீன்பிடித்தல், மீனவர் ‘பெஸ்கதோர்’. பண்புப்பெயரும் அவ்வாறே: ‘இக்வால்’, சமமான, ‘இக்வால்தாத்’, சமத்துவம். ‘துல்ஸே’, இனிய, ‘துல்ஸூரா’, இனிமை. எந்தச் சொல்லுக்கு எந்த விகுதி என்பதை வழக்கறிந்தே கற்க வேண்டும். இதுவும் நமக்குப் புதிதன்று. ‘கற்றல்’ என்பது பொது விதி. ‘கல்வி’ என்பது வழக்குத் தந்த செல்வம். ஹங்கேரியத்தின் ஆஷ், ஏஷ் நம் ‘தல்’ போன்றது என்றோம்; ஸ்பானிய விகுதிகள் நம் ‘வி’, ‘வு’, ‘கை’ போன்றவை. இரண்டு வழிகளும் தமிழில் உண்டு.

ஸ்பானிய வினைகள் ஆர், ஏர், ஈர் என மூன்று வகையாக முடியும். ‘ஃப்ளோர்’ என்றால் பூ. ‘ஃப்ளோரெஸேர்’ என்றால் பூத்தல். ‘நோச்சே’ என்றால் இரவு. முன்னே ஓர் ஒட்டும் பின்னே ஒரு விகுதியும் சேர்ந்து ‘அனோச்செஸேர்’ ஆனால் இருட்டுதல். ‘வியேஹோ’ என்றால் முதிய. ‘என்வெஹெஸேர்’ என்றால் முதுமையடைதல். பொழுது விடிதலை ‘அமனெஸேர்’ என்பர். இவ்வினையை மக்களுக்கும் ஏற்றிச் சொல்வது ஸ்பானியரின் வழக்கம். இரவெல்லாம் பயணம் செய்து விடியும்போது மத்ரீத் நகரில் இருந்தோம் என்பதற்கு, ‘நாம் மத்ரீதில் விடிந்தோம்’ என்ற வகையில் சொல்வர். இரயிலில் ஊருக்குப் போய்வரும் நமக்கு இவ்வினையின் அருமை நன்கு புரியும்.

புதிய வினைகளோ பெரும்பாலும் ‘ஆர்’ வகையிலேயே பிறக்கின்றன. ஆங்கிலத்திலிருந்து ‘கோல்’ என்ற பந்தாட்டச் சொல் சென்றது. அது ‘கோலெயார்’ என வினையாயிற்று; கோல் அடிப்பவர் ‘கோலெயதோர்’; பல கோல் அடித்துப் பெறும் வெற்றி ‘கோலெயாதா’. ட்விட்டர் என்ற இணையத்தளத்தில் எழுதுவதற்கு ‘துயித்தெயார்’ என்ற வினை உண்டாயிற்று. 1713இல் நிறுவப்பெற்ற ஸ்பானிய அரச அகாதமி, 2014ஆம் ஆண்டின் அகராதிப் பதிப்பில் அதற்கு இடம் தந்தது. அத்தளம் 2023இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. வினைச்சொல்லோ அகராதியில் இருக்கிறது.

இனிச் சர்க்கரை. வடமொழியில் ‘சர்க்கரா’ எனப்பட்ட சொல் பாரசீகம் வழியாக அரபு நாடு சென்றது. அரபு மொழியிலிருந்து ஸ்பானியம் அதனை ‘அஸூகார்’ என்று பெற்றது. அங்கே சர்க்கரை இடுதல் ‘அஸுகரார்’. சர்க்கரைக் கிண்ணம் ‘அஸுகரேரோ’. ஐரோப்பிய மொழிகள் வழியாக ஹங்கேரிக்குச் சென்று ‘ட்ஸுகோர்’ ஆயிற்று. அங்கே சர்க்கரை இடுதலுக்கு ‘ட்ஸுக்ரோஸ்’ என்ற வினை, மிட்டாய்க்கு ‘ட்ஸுகோர்க’, இனிப்புப் பண்டம் செய்பவர் ‘ட்ஸுக்ராஸ்’, அவர் கடை ‘ட்ஸுக்ராஸ்த’. நம் நாட்டிலிருந்து புறப்பட்ட ஒரு சொல் இரு தொலைநாடுகளில் குடியேறி, பிள்ளையும் பேரனும் பெற்று வாழ்கிறது. அதற்கு அங்கே குடியுரிமை தந்தது விகுதியே.

இவ்வளவு செழிப்பும் தானே வந்ததன்று. ஹங்கேரிய வரலாற்றில் இதற்கு ஒரு போராட்டம் உண்டு. அந்நாட்டில் ஆட்சிமொழியாக இருந்தது இலத்தீன். 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் ஜெர்மனை ஆட்சிமொழியாக்கினார்; 1790இல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. தம் மொழி கல்விக்கும் ஆட்சிக்கும் போதாது என்ற பழியை ஹங்கேரியர் உணர்ந்த காலம் அது. கஸின்ஸி ஃபெரென்ஸ் என்னும் எழுத்தாளரின் தலைமையில் மொழிச் சீர்திருத்தம் எழுந்தது. 1759இல் பிறந்த இவர், அரசை எதிர்த்த சதியில் தொடர்புடையவர் என்று ஆறாண்டுகளுக்கு மேல் சிறையிருந்தவர். இவரும் இவரைச் சார்ந்தோரும் பழைய வேர்களோடு விகுதிகளைச் சேர்த்து ஆயிரக்கணக்கான சொற்களைப் படைத்தனர்.

எதிர்ப்பு எழாமல் இருக்குமா? 1813இல் ‘மொந்தோலத்’ என்ற ஏளன நூல் வெளிவந்தது. புதுச் சொற்களை அளவுமீறி அடுக்கி நகையாடிய நூல் அது. 1815இல் கெல்ச்செய் ஃபெரென்ஸ் என்பாரும் நண்பர் ஒருவரும் அதற்கு மறுமொழி எழுதினர். இந்தக் கெல்ச்செய்தான் பின்னர் 1823இல் ஹங்கேரிய நாட்டுப் பண்ணை இயற்றியவர். இறுதியில் 1844ஆம் ஆண்டின் சட்டத்தால் ஹங்கேரியம் ஆட்சிமொழி ஆயிற்று.

அந்தச் சீர்திருத்தக் காலத்தில் பெரிதும் பரவிய விகுதி ‘த’. அது இடத்தைக் குறிப்பது. ‘ஈர்’, எழுது, ‘இரோத’, அலுவலகம். ‘ந்யோம்’, அழுத்து, ‘ந்யோம்த’, அச்சகம். இனிப்புக் கடையின் பெயரில் வந்ததும் இதே ‘த’தான். ‘ஓவ்’ என்றால் காப்பாற்று. 1828இல் புதா நகரில் ப்ரூன்ஸ்விக் தெரேஸ் என்னும் பெருமாட்டி சிறு குழந்தைகளுக்காக முதற்பள்ளி திறந்தார். அத்தகைய பள்ளிக்குப் பின்னர் நிலைத்த பெயர் ‘ஓவோத’: காக்கும் இடம். ஒவ்வொரு ஹங்கேரியக் குழந்தையும் அச்சொல்லைச் சொல்லியே வீட்டை விட்டு முதன்முதல் வெளியே செல்கிறது. எல்லாப் புதுச் சொல்லும் வென்றுவிடவில்லை. பள்ளிக்கு ‘தனோத’ என்று பெயரிட்டுப் பார்த்தனர். பொது வழக்கில் இலத்தீனிலிருந்து வந்த ‘இஷ்கோல’ என்பதே நிலைத்தது. மக்கள் ஏற்றதே சொல்.

‘த’ விகுதியைக் கண்டதும் நம் நெஞ்சம் ‘அகம்’ என்ற சொல்லை நினைக்கும். அச்சு–அச்சகம், நூல்–நூலகம், அலுவல்–அலுவலகம், உணவு–உணவகம். ‘அகம்’ தனிச்சொல்தானே, விகுதியாகுமா என்று புலவர்கள் கேட்கலாம். தனிச்சொல்லே நாளடைவில் விகுதியாவதும் உண்டு. மனம் என்று பொருள்பட்ட இலத்தீன் சொல் ஸ்பானியத்தில் ‘மெந்தே’ என்னும் வினையடை விகுதியாகிவிட்டது. நம் ‘அகம்’ அவ்வழியில் நடக்கிறது. முதலில் கேட்டபோது நகைத்தவர்கள் இருப்பர்; இன்று நூலகத்தை நூலகம் என்று சொல்ல யாரும் கூசுவதில்லை.

பெயரில் இவ்வாறு வளரும் நாம் வினையில் தயங்குகிறோம். அயற்சொல்லை வினையாக்கத் தமிழிடம் வழியில்லாமல் இல்லை. உபதேசம் என்ற வடசொல்லை ‘உபதேசி’ என்றும், பரிசோதனையைப் ‘பரிசோதி’ என்றும், அலங்காரத்தை ‘அலங்கரி’ என்றும் முன்னோர் ஆக்கினர். ‘காதல்’ என்னும் நம் சொல்லே ‘காதலி’ என்று வினையாயிற்று. ‘இ’ என்னும் ஓரெழுத்தே அங்கே வாயிலாக நின்றது. இன்று நாமோ எந்தச் சொல் வந்தாலும் ‘பண்ணு’ என்பதைப் பின்னால் நிறுத்துகிறோம். போன் பண்ணு, டைப் பண்ணு, க்ளீன் பண்ணு. இதுவும் ஒரு முறையே, பிழையென்று சொல்லவில்லை. ஸ்பானியரும் சில இடங்களில் இவ்வாறு துணைவினை இடுவர். ஆனால் ‘பண்ணு’ என்பது விருந்தினரைத் திண்ணையில் அமர்த்துவது. விகுதி வீட்டினுள் அழைத்து உறவாக்குவது. மேலும், ‘துடை’, ‘கழுவு’, ‘பெருக்கு’ என்று மூன்று வினைகள் உள்ள வீட்டில் ‘க்ளீன் பண்ணு’ ஒன்றே புழங்கினால், குழந்தைக்கு அம்மூன்று வேர்களும் தெரியாமற் போகின்றன. வேர் தெரியாத குழந்தைக்கு விகுதியால் என்ன பயன்?

தாயகத்திலிருந்து தொலைவில் வாழும் நமக்கு இது வெறும் இலக்கணம் அன்று. நம் குழந்தைகளுக்குத் தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி. தமிழுக்குக் கிடைப்பது வீட்டின் சில மணி நேரமே. ஆயிரம் சொற்களை அந்நேரத்தில் ஊட்ட இயலாது. நூறு வேர்களையும் பத்து விகுதிகளையும் ஊட்ட இயலும். மற்றவற்றைக் குழந்தைகள் தாமே ஆக்கிக்கொள்வர். அப்படி ஆக்கும்போது தவறுவதும் உண்டு. ஸ்பானியக் குழந்தைகள் உடைந்தது என்பதற்கு ‘ரோத்தோ’ என்னும் வழக்கை விட்டு, விதிப்படி ‘ரொம்பீதோ’ என்று சொல்வது பலரும் அறிந்தது. அது அறியாமை அன்று. விகுதி அக்குழந்தையின் கைக்கு வந்துவிட்டது என்பதற்குச் சான்று. ஆகவே, நம் வீட்டுப் பிள்ளை விகுதியை இடம் மாற்றி ஒரு புதுச் சொல் சொன்னால், தாய்மார்களே, தயவுசெய்து நகையாதீர்கள். ஒருமுறை நகைத்தால் அடுத்த முறை அது இந்தியிலோ ஆங்கிலத்திலோ சொல்லிவிட்டுப் போய்விடும். சரியான சொல்லை அன்போடு எடுத்துச் சொல்லி, உரையாடலைத் தொடருங்கள்.

சோம ஷாந்தோர் வேரைத் தேடி மலைகளைக் கடந்தார். நம் வேர் நம் வீட்டு அடுக்களையில் இருக்கிறது. அதனோடு விகுதி சேர்ப்பது நம் பிள்ளைகளின் நாவில் இருக்கிறது.  காப்பி காத்திருக்கிறது, சர்க்கரையும் அளவாக இருக்கும் என்று நம்புகிறோம்.